ஆறு பேர் வருகிறார்களா? ஆரம்பித்துவிடு!

கேள்வி: அன்புள்ள அக்கா, பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சைபர் செக்யூரிட்டியில் ஆர்வமுள்ள பெண்களுக்காக ஒரு குழு ஆரம்பித்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் 64 பேர் சேர்ந்தார்கள். மாலையில் கூட்டம் போட்டால் ஆறு பேர்தான் வருகிறார்கள். ‘பொண்ணுங்களுக்கு மட்டும் எதுக்குத் தனியா?’ என்று ஒரு சார் கேட்கிறார். இதற்கிடையில் ஒரு ஜூனியர் அழுதுகொண்டே வந்தாள். யாரோ அவள் போட்டோவை வைத்து இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். ‘நீங்கதான் ஹேக்கிங் படிக்கிறீங்களே, உடைச்சுக் கொடுங்க’ என்கிறாள். குழுவைத் தொடர்வதா, விட்டுவிடுவதா?
- ஒரு மாணவி, விருதுநகர் மாவட்டம்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த ஜூனியரைப் பார்ப்போம். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

அந்தக் கணக்கை உடைக்காதீர்கள். உடைக்கத் தெரிந்தாலும் வேண்டாம். அடுத்தவர் கணக்கில் அனுமதியில்லாமல் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆவது பிரிவு பாயும். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். தப்புச் செய்தவன் வெளியே இருப்பான், உதவப் போன நீ மாட்டிக்கொள்வாய்.

அவள் பக்கத்தில் உட்கார். போன் அவள் கையிலேயே இருக்கட்டும். அந்தப் புரொஃபைலின் லிங்க்கை காப்பி செய்து வைக்கச் சொல். பயனர் பெயரை எழுத்து மாறாமல், நடுவில் வரும் புள்ளி, அடிக்கோடு உட்பட எழுதிக்கொள்ளுங்கள். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் இன்ஸ்டாகிராமில் ரிப்போர்ட். பதற்றத்தில் பலரும் ரிப்போர்ட்டைத்தான் முதலில் செய்கிறார்கள். கணக்கு மறைந்துவிடும், போலீசிடம் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு அங்கே தனிப் பிரிவே இருக்கிறது. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

அந்தரங்கப் படம் வைத்திருப்பதாக எவனாவது மிரட்டினால், 18 வயது நிறைந்தவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது. படம் அவள் போனைவிட்டு வெளியே போகாது. அதன் ஹாஷ், அதாவது விரல்ரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும்தான் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தப் படத்தைத் தேடித் தடுக்கும். உன் குழுவில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, சாரின் கேள்விக்கு வருகிறேன். நான் படித்தபோது லேபில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். கீபோர்டு எப்போதும் பையன் கையில், எங்கள் கையில் ரெக்கார்டு நோட்டு. எங்கள் கையெழுத்து அழகாக இருக்கும் என்று காரணம் சொல்வார்கள். சென்னையில் முதல் வேலையில் சேர்ந்தபோது, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் நானாக அடித்திருந்த கமாண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். என்னுடன் சேர்ந்த பையன்களுக்கு அதெல்லாம் கைப்பழக்கம். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட எனக்கு இரண்டு வருடம் ஆனது. சாரிடம் சண்டைக்குப் போகாதே. ‘வாரத்தில் ஒரு மணி நேரம் கீபோர்டு எங்கள் கையில் இருக்கட்டும் சார்’ என்று மட்டும் கேள்.

ஆறு பேர்தான் வருகிறார்கள் என்று வருத்தப்படுகிறாய். மாலையில் கூட்டம் போட்டால் பஸ்ஸில் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? காலேஜ் பஸ் கிளம்பிவிட்டால் சில ஊர்களுக்கு அடுத்த பஸ்ஸே கிடையாது. ஹாஸ்டல் பெண்களுக்கு உள்ளே போகும் நேரம் ஒன்று இருக்கிறது. ஆர்வம் இல்லை என்று யார்மேலும் முடிவுகட்டாதே. நூலக வகுப்பையோ மதிய இடைவேளையையோ எச்.ஓ.டி.யிடம் எழுதிக் கேட்டு வாங்கு. நாளும் இடமும் மாறவே கூடாது. இரண்டு பேர் வந்தாலும் நடத்து.

அந்த ஒரு மணி நேரத்தில் பி.பி.டி. போடாதே. ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் என்ற இலவச விளையாட்டு இருக்கிறது. டெர்மினல், அதாவது கமாண்டுகளை அடிக்கும் கறுப்புத் திரை வழியாக உள்ளே போய், ஒவ்வொரு நிலையிலும் அடுத்த நிலைக்கான பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் பாஸ்வேர்டு ‘ரீட்மீ’ என்ற ஃபைலில் இருக்கும், எளிது. அடுத்த ஃபைலின் பெயரே வெறும் ஒரு சிறு கோடு. ஃபைலில் உள்ளதைக் காட்டும் ‘கேட்’ (cat) என்ற கமாண்டை அடித்து, இடைவெளி விட்டு, கோட்டைப் போட்டால் ஒன்றும் வராது. கர்சர் மட்டும் கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும். ஏதோ கெடுத்துவிட்டோம் என்று கை நடுங்கும். உண்மையில் கம்ப்யூட்டர் காத்திருக்கிறது. வெறும் கோடு என்றால், ‘கீபோர்டில் அடிக்கப் போவதைப் படி’ என்று கேட் புரிந்துகொள்கிறது. கோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்தால் ‘இந்த ஃபோல்டரில் உள்ள ஃபைல்’ என்று அர்த்தமாகி, பாஸ்வேர்டு வந்துவிடும்.

தனியாக இருக்கும் பெண் அந்த இடத்தில் ‘இது நமக்கு வராது’ என்று மூடிவைத்துவிடுவாள். பக்கத்தில் இருப்பவள் ‘எனக்கும் இப்படித்தான் நின்னுச்சு’ என்று சொன்னால் மூடமாட்டாள். நீ குழு நடத்துவது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அதற்கு 64 பேர் தேவையில்லை.

பேண்டிட் 2220 என்ற போர்ட்டில், அதாவது நெட் இணைப்பு நுழையும் வாசல் எண்ணில் ஓடுகிறது. காலேஜ் நெட்டில் அதை அடைத்திருக்கலாம். குறுக்குவழி தேடாமல் லேப் பொறுப்பாளரிடம் கேள். திறக்க முடியாது என்றால் போன் ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள். அனுமதி கேட்டுவிட்டுத் தொடுவதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம்.

பேண்டிட்டில் பத்து நிலை தாண்டியதும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிகோசிடிஎஃப் பக்கம் போங்கள், அதுவும் இலவசம். சிடிஎஃப் என்றால் ஒளித்துவைத்த விடையைக் கண்டுபிடிக்கும் ஹேக்கிங் போட்டி. கேரளத்தில் அமிர்தா பல்கலைக்கழகத்தின் அமிர்தபுரி வளாகத்தில் மாணவிகள் ‘டீம் சக்தி’ என்று ஓர் அணி அமைத்து, ‘சக்தி சிடிஎஃப்’ என்ற போட்டியை அவர்களே நடத்தியிருக்கிறார்கள். ஆரம்பநிலைக்காரர்களுக்கு ஏற்ற போட்டி, பழைய கேள்விகளைத் தேடிப் போட்டுப் பார். 2012-இல் டென்னசி டெக் பல்கலைக்கழகப் பேராசிரியை அம்பரீன் சிராஜ் தொடங்கிய ‘விமன் இன் சைபர் செக்யூரிட்டி’ அமைப்பில் மாணவர் கிளைகள் உண்டு. ஆனால் கிளை, லோகோ, டி-ஷர்ட் எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரம் அந்த ஜூனியரையும் கூப்பிட்டு உட்கார வை. கீபோர்டை முதலில் அவளிடம் கொடு.

கேள்வி: சைபர் செக்யூரிட்டி பழக 70,000 ரூபாய்க்கு லேப்டாப் வேண்டும் என்கிறாள் மகள். அவசியமா மேடம்?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. மேலே சொன்ன பேண்டிட் எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். அதில் பாதி தூரம் போகட்டும். பிறகு ஒரே லேப்டாப்புக்குள் இன்னொரு சிஸ்டத்தை ஓட்டிப் பழக 16 ஜி.பி. ரேம் இருந்தால் நல்லது, 8 ஜி.பி. இருந்தாலும் சமாளிக்கலாம். ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். வாங்கிக் கொடுத்தால், அதை அவளே வைத்துக்கொள்ளட்டும். அண்ணன் தம்பிக்குப் பொது என்று சொல்லிவிடாதீர்கள்.