ரேம் 16 ஜிபி, காட்டுவது 15.3: மீதி எங்கே போனது?

கேள்வி: லேப்டாப்பில் இருந்த இரண்டு 4 ஜிபி ரேமையும் கழற்றிவிட்டு, எஸ்.பி. ரோட்டுக் கடையில் இரண்டு 8 ஜிபி போட்டேன். உபுண்டு லினக்ஸில் 15.3 என்றுதான் காட்டுகிறது. பூட் ஆகும்போது ஓடும் செய்திகளில் ‘ரிசர்வ்டு’ என்று வரிசையாக வருகிறது. “பயாஸ் மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறது, 2,500 ரூபாய் கொடுங்கள், அன்லாக் பண்ணித் தருகிறேன்” என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஒரு அன்லாக் வேலையே கிடையாது.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது லினக்ஸ் அல்ல, மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். நாம் பழக்கத்தில் பயாஸ் என்கிறோம். இன்றைய மெஷின்களில் அது யூஇஎஃப்ஐ. அதுதான் ரேமைத் தயார் செய்து, தனக்கு வேண்டிய இடத்தை ஒதுக்கிக்கொண்டு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் ஒரு பட்டியலைக் கொடுக்கிறது. இந்த முகவரி முதல் இந்த முகவரி வரை உனக்கு, இது எனக்கு, இதில் பேட்டரி, ஃபேன் விவரங்கள் உள்ள ஏசிபிஐ அட்டவணைகள் இருக்கின்றன. லீஸுக்கு வீடு விடும் ஓனர் ஒரு ரூமைப் பூட்டி வைத்துக்கொள்வாரே, அந்த மாதிரி. நீங்கள் பார்த்தது அந்தப் பட்டியலைத்தான்.

அந்த நேரத்தில் கெர்னலுக்கே மெமரி முழுவதும் கைக்கு எட்டாது. அதன் ஏற்பாடுகள் இன்னும் முடிந்திருக்காது. அதனால் ஃபர்ம்வேர் வைத்திருப்பதைப் படிக்க 256 கேபி அளவில் எட்டே எட்டு தற்காலிக ஜன்னல்கள்தான். ஒரு ஏசிபிஐ அட்டவணை என்றால், முதலில் 36 பைட் தலைப்பை மட்டும் திறந்து, அதில் எழுதியிருக்கும் நீளத்தைப் பார்த்து, மூடிவிட்டு, அந்த நீளத்துக்கு மறுபடி திறக்கும். மூட மறந்தால் எச்சரிக்கை வரும். இவ்வளவு கணக்காக நடக்கும் இடத்தில் கடைக்காரர் எதை அன்லாக் செய்யப்போகிறார்?

கணக்காக இல்லாதவர்கள் ஃபர்ம்வேர் எழுதுகிறவர்கள்தான். ‘பூட் வேலை முடிந்தது, இந்த இடத்தை எடுத்துக்கொள்’ என்று பட்டியலில் சொல்லிவிட்டு, கெர்னல் ஃபர்ம்வேருக்குப் புது முகவரிகளைத் தெரிவிக்கும்போது அதே இடத்தில் போய்க் கைவைக்கும் மெஷின்கள் உண்டு. அதனால் அந்தக் கட்டம் தாண்டும்வரை லினக்ஸ் அந்த இடத்தைத் தொடுவதில்லை. முதல் 1 எம்பியில் சில பயாஸ்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிறுக்குவதால், 2021 முதல் அதை மொத்தமாகவே ஒதுக்கி வைத்துவிடுகிறது. கம்பெனிகளின் அரைகுறை வேலைக்கு அடுத்தவர்கள் ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது, கேட்பாரில்லை.

உங்கள் 0.7 ஜிபியில் கெர்னலின் பங்கும் உண்டு. ரேமை 4 கேபி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 64 பைட் குறிப்பு வைக்கிறது. 16 ஜிபிக்கு அதுவே 256 எம்பி. மற்றது பெரும்பாலும் ஃபர்ம்வேருக்கும் கிராஃபிக்ஸுக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் இடத்தைத் திரும்பப் பெற முடியும். 15.3 இல்லாமல் 13.5 அல்லது 11.5 என்று காட்டியிருந்தால், கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ஏஎம்டி புராசஸர்களில் ‘யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர்’ (கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் ரேம்) என்ற பயாஸ் செட்டிங்கைப் பாருங்கள். 2 ஜிபி, 4 ஜிபி என்று வைத்திருந்தால் அது ரேமிலிருந்துதான் போகும். ஆட்டோ அல்லது 512 எம்பிக்கு மாற்றினால் மீதி திரும்பிவிடும். மாற்றக் காசு வேண்டாம். பயாஸ் மெனுவுக்குள் நீங்களே போகலாம். சில லேப்டாப்களில் அந்த மெனுவே இருக்காது, மறைத்து வைத்திருப்பார்கள். அப்போதும் கடைக்காரரிடம் போகாதீர்கள். கேம் விளையாடுகிறவர்கள் கிராஃபிக்ஸ் அளவைக் குறைக்க வேண்டாம்.

பயாஸ் ‘அடித்துத்’ தருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்த ஃபைலை உங்கள் சிப்பில் ஏற்றுவார்கள். சீரியல் நம்பர் போகும், கம்பெனி போட்டுக் கொடுத்த விண்டோஸ் கீ போகும், சமயத்தில் லேப்டாப்பே போகும். அப்டேட் தேவையென்றால் கம்பெனி தளத்தில் உங்கள் மாடலுக்கு உள்ளதை மட்டும் போடுங்கள்.

இன்னொரு பொறி: பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் ‘மெம்=16ஜி’ (mem=16G) சேர்க்கச் சொல்வார்கள். கூடாது. அது அளவைக் கூட்டாது. 16 ஜிபி முகவரிக்கு மேலே இருப்பதை வெட்டிவிடும். 4 ஜிபிக்குக் கீழே ஒரு பகுதி மற்ற சாதனங்களின் முகவரிகளுக்குப் போவதால், அங்கே இடமில்லாத ரேம் 16 ஜிபிக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதை இழப்பீர்கள்.

டெர்மினலில் சூடோவுடன் (அட்மின் உரிமையில்) ‘டிஎம்ஐடிகோட்’ (dmidecode) ஓட்டி மெமரிப் பகுதியைப் பாருங்கள். 8, 8 என்று இரண்டும் வந்தால் ரேம் சரி. 15.3 காட்டுவதால் உங்களுக்கு இரண்டும் வர வேண்டும். பின்னால் எப்போதாவது ஒன்றுதான் வந்தால், சரியாகப் பொருத்தாமல் விட்டிருக்கலாம். அதைக் காசு வாங்காமல் சரிசெய்வது அவர் பொறுப்பு. கடைக்குப் போகும்போது கழற்றிய இரண்டு 4 ஜிபியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் கழித்திருக்காவிட்டால் அவை உங்களுடையவை.