தூண்டில் வளைவுக்கு வடக்கே கரைந்த நிலம்: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: கிழக்குக் கடற்கரையில் எனக்கு 22 சென்ட் பட்டா நிலம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன், எங்களுக்குத் தெற்கே உள்ள ஊரில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கட்டினார்கள். அடுத்த ஆண்டே எங்கள் பக்கம் கடல் ஏற ஆரம்பித்து, தென்னையோடு பாதி நிலத்தைக் கொண்டுபோய்விட்டது. அதிகாரிகளைக் கேட்டால் 'இயற்கைச் சீற்றம்' என்கிறார்கள். இழப்பீடு கிடைக்குமா? மிச்ச நிலத்தைக் காக்க நானே கருங்கல் கொட்டலாமா?

பதில்: கல் கொட்ட வேண்டாம். கடல்நீரின் இயல்பான போக்கைத் தடுக்கும் பணிகளைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கட்டுப்படுத்துகிறது. 2011 அறிவிக்கை அரிப்புத் தடுப்புக்கு விலக்கு தந்தாலும், அறிவியல் ஆய்வின் அடிப்படையில் செய்யப்படும் பணிகளுக்கே அது பொருந்தும். நீங்கள் கொட்டும் கல் அரிப்பை உங்களுக்கு வடக்கே இருப்பவர் வாசலுக்குத் தள்ளிவிடும். இன்று உங்களுக்கு நேர்ந்த அநியாயம் நாளை அவருக்கு நேரும். வழக்கிலும் அது உங்களுக்கு எதிராக நிற்கும்.

'இயற்கைச் சீற்றம்' என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தமிழகக் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவ மாதங்களில் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கைக் கூட்டினால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கல் நீட்டினால் தெற்கில் மணல் தேங்கும், வடக்கில் கரை பட்டினி கிடக்கும். சென்னைத் துறைமுகம் எழுந்த பின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. புதுச்சேரி நகரக் கடற்கரை மணலை இழந்ததும் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களுக்குப் பிறகுதான். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மீனவர்கள் சொல்வதையும் வாக்குமூலமாக எழுதி வாங்குங்கள்.

எதிர்த்தரப்பு ஒன்று சொல்லும்: கடல் எங்கும்தான் அரிக்கிறது. உண்மைதான். 1990 முதல் 2018 வரையிலான கரை மாற்றத்தை அளந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மைய ஆய்வில், இந்தியக் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளானதாகத் தெரிந்தது. ஆனால் உங்கள் வழக்கின் கேள்வி வேறு. அதே இடத்தில் வளைவுக்கு முன் கரை எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது? பழைய செயற்கைக்கோள் படங்கள், புலப்பட வரைபடம் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்), பத்திரம், தேதியுள்ள புகைப்படங்கள் ஆகியவையே இதற்குச் சான்று. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்தப் பணிக்குக் கடலோர மண்டல அனுமதி பெற்றார்களா, வடக்கே என்ன ஆகும் என்று யாராவது ஆய்ந்தார்களா? 30 நாளில் பதில் வர வேண்டும். அப்படி ஓர் ஆய்வே இல்லை என்று தெரிந்தால், உங்கள் வாதத்தின் பாதி அங்கேயே நிறுவப்பட்டுவிடும்.

மனு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில், சென்னையில். அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில், பொதுவான சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான 14ஆம் பிரிவுக்கு ஆறு மாதமே கெடு, அது உங்களுக்குக் கடந்துவிட்டது. இழப்பீட்டுக்கான பிரிவு 15 இன்னும் திறந்திருக்கிறது: பாதிப்பு முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு. 'முதலில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கடல் ஒவ்வொரு முறை ஏறும்போதும் கெடு புதிதாகத் தொடங்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இழப்பீட்டோடு, சூழலையும் சொத்தையும் மீட்டுத் தரும்படியும் இந்தப் பிரிவில் கேட்கலாம். தெற்கே தேங்கிய மணலை எடுத்து உங்கள் பக்கம் போட வேண்டும் என்ற கோரிக்கையையும் மனுவில் சேருங்கள். அது ஊருக்கே பயன்படும். பக்கத்து நிலக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, உயர் அலைக் கோட்டுக்குக் கீழே உள்ள கடற்படுகை அரசின் சொத்து. நீருக்குள் போன பகுதியை, பட்டா கையில் இருக்கிறது என்பதற்காகத் திரும்பப் பெறுவது கடினம். நிலம் போனதற்கு யார் பொறுப்பு என்பதையே உங்கள் வாதத்தின் மையமாக வையுங்கள்.

வடகிழக்குப் பருவம் தொடங்குவதற்குள் வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, நில அளவரைக் கொண்டு அளந்து, நிற்கும் எல்லைக்கல் ஒவ்வொன்றையும் பதிவு செய்துவிடுங்கள். அந்தக் கல்லும் போய்விட்டால் எவ்வளவு இழந்தோம் என்று காட்டவே வழியில்லாமல் போகும்.