நவீனத் தேவாலயத்தில் நகரும் இருக்கைகள்: கேள்வி பதில்

வழிபாட்டுக்கு மட்டும் திறந்த கான்கிரீட் தேவாலயத்தைப் பொதுக் காரியங்களுக்கும் திறக்க நினைக்கும் சபையினர் கேட்டவை இவை.

கேள்வி: எங்கள் ஆலயம் 1960களில் கட்டியது. பெஞ்சுகளை எடுத்துவிட்டு நாற்காலி போட்டால் கட்டடத்தின் இயல்பு கெட்டுவிடாதா?

பதில்: பெரும்பாலும் கெடாது. ஜெர்மனியின் ரோத்தன்ஃபெல்ஸ் கோட்டை மண்டபத்தை 1920களிலேயே கட்டடக்கலைஞர் ருடால்ஃப் ஷ்வார்ட்ஸும் இறையியலாளர் ரொமானோ குவார்தினியும் வெள்ளைச் சுவர்களும் எளிய கறுப்பு இருக்கைகளுமாக மாற்றினார்கள். வழிபாட்டுக்கு ஒருவிதமாகவும் கூட்டத்துக்கு வேறுவிதமாகவும் இருக்கைகளைத் திருப்பிப் போட்டார்கள். லண்டன் போ காமனில் 1960இல் கட்டி முடித்த செயின்ட் பால்ஸ் ஆலயத்திலும் பீடத்தைச் சுற்றித் திறந்த தரைதான். ஆனால் உங்கள் பெஞ்சுகளைக் கட்டடத்தை வடிவமைத்தவரே வரைந்தாரா என்று பழைய வரைபடங்களைப் பாருங்கள். அவர் வரைந்தவை என்றால் சிலவற்றையாவது உள்ளேயே வைத்திருங்கள். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமானால் முதலில் அனுமதி, அப்புறம்தான் ஸ்பேனர்.

கேள்வி: எந்த நாற்காலி வாங்கலாம்?

பதில்: அதற்கு முன், அதை எங்கே வைப்பீர்கள் என்று சொல்லுங்கள். இந்த வேலை பெரும்பாலும் படுத்துவிடுவது இங்கேதான். பத்துப் பத்தாக அடுக்கினாலும் 100 நாற்காலிக்கு 10 அடுக்கு. அடுக்குக்கு அரை சதுர மீட்டர் என்றாலும் 5 சதுர மீட்டர் போய்விடும், டிராலி திரும்ப இடம் தனி. மேசைகளுக்கும் இடம் வேண்டும். பொருள்களை எடுத்துவைக்கத் தனி அறை இல்லையென்றால் அடுக்குகள் பீடத்தின் பக்கத்தில் வந்து நிற்கும், இல்லையேல் அவசர வழியை மறிக்கும்.

எடையும் முக்கியம். வயதான ஒருவர் ஒரே கையால் தூக்க முடியாத நாற்காலி போட்ட இடத்திலேயே கிடக்கும். பெயர்தான் நகரும் நாற்காலி. கனமான மேசைக்குப் பூட்டும் சக்கரம் போடுங்கள். வரிசையாகப் போடும்போது நாற்காலிகளை ஒன்றோடொன்று கோக்கும் கொக்கி கட்டாயம் இருக்கட்டும். அவசரத்தில் ஆட்கள் ஓடும்போது தனி நாற்காலிகள் சாய்ந்து வழியை அடைத்துவிடும். கைப்பிடி வைத்தவை சிலவும் வாங்குங்கள், முழங்கால் வலியுள்ளவர்கள் ஊன்றி எழ அதுதான் துணை. சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் அகலம் விடுங்கள்.

கேள்வி: கூட்டம் போட்டால் பேச்சே புரியவில்லை. ஒரே எதிரொலி.

பதில்: கான்கிரீட்டும் கண்ணாடியும் ஒலியை உறிஞ்சுவதில்லை. ஒலி அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரப்படி, 3,000 கனமீட்டர் மண்டபத்தில் உறிஞ்சும் பரப்பு 160 சதுர மீட்டர் என்றால் ஒலி அடங்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். பாடலுக்கு அது அழகு, பேச்சுக்கு ஆகாது. உறிஞ்சும் பரப்பை இரட்டித்தால் நேரம் பாதியாகும். மெத்தை வைத்த நாற்காலியும் இழுத்துவிடும் கனத்த திரையும் நன்றாக உதவும். திரையாக இருந்தால் பாடகர் குழு பாடும் நாளில் ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: பீடத்துக்கும் சக்கரம் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மற்றதெல்லாம் நகரட்டும், அது நிலைத்திருக்கட்டும். கத்தோலிக்க வழிபாட்டு விதிகளும் நிலையான பீடத்தையே விரும்புகின்றன.

கேள்வி: பாதி இடத்தைத் தடுத்து நிரந்தர அறை கட்டலாம் என்கிறார்கள்.

பதில்: சம்மதிக்காதீர்கள். மேலிருந்து இறங்கும் வெளிச்சம்தான் இந்தக் கட்டடங்களின் செல்வம், சுவர் அதை வெட்டிவிடும். தோள் உயரத்துக்குக் குறைவான, அடிப்பாகம் அகலமான உருளும் அலமாரிகளால் ஒரு மூலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். தரையில் எதையும் போல்ட் அடிக்கும் முன் கீழே வெப்பக் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள்.