கடல் அரித்தால் பழைய ஊர் வெளிவருகிறது. ஏற்காட்டு மழையில் அப்படி ஏதாவது வெளிவருமா?

வரும். ஆனால் வருகிற விதம் வேறு.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவில் 1850-இல் அடித்த புயல் மணல்மேட்டைப் பிய்த்தபோது ஸ்காரா பிரே என்ற பழைய ஊர் தெரிய வந்தது. சுமார் 5,000 ஆண்டு பழைய கல்வீடுகள், கல் அலமாரி, அடுப்பு எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. மணல் மூடிக் காத்தது, அலை திறந்துவிட்டது. திறந்த அலையே அழிக்கவும் செய்யும். இங்கிலாந்தின் ஹாப்பிஸ்பர்க் கடற்கரையில் 2013-இல் தெரிந்த, எட்டு லட்சம் ஆண்டுக்கும் முந்தைய காலடித் தடங்கள் சில வாரங்களில் கரைந்துபோயின.

நம் சேர்வராயன் மலையில் அப்படி வீடு முழுசாகக் கிடைக்காது. சரிவில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போக, கனமான கல் மட்டும் தங்கும். புதிய கற்காலக் கற்கோடரி அப்படித்தான் கண்ணில் படுகிறது: உள்ளங்கை நீளம், கறுத்த கல், ஒரு முனை குறுகி, மறுமுனை அகன்று, தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய வெட்டுவாய். மலைக் கிராமங்களில் இவற்றைப் பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அதனால்தான் பல கற்கள் தப்பின என்பது என் எண்ணம். ஏற்காட்டில் வாழ்ந்த பிரிட்டிஷ் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் இம்மலையில் இவற்றைச் சேகரித்தார்.

காப்பித் தோட்டத்தில் அப்படியொன்றைப் பார்த்தால் தயவுசெய்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்த இடம்தான் பாதி வரலாறு. பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் விஏஓவிடமோ சேலம் அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.