பக்கத்து மனையில் கன்று அடுக்கலாமா?

கேள்வி: அக்கா, மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்டில் நர்சரி வைத்திருக்கிறேன். கன்று வளர்க்கும் பிளாஸ்டிக் கவர்களை அடுக்க இடமில்லை. பக்கத்து 4 சென்ட் மனை பல வருஷமாகச் சும்மா கிடக்கிறது. சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறார். இங்கிருக்கும் அவர் மச்சான் ‘வெச்சுக்கோங்க, வாடகையெல்லாம் வேணாம்’ என்கிறார். நம்பி இறங்கலாமா?
- வாசகர், கடலூர்

பதில்: தம்பி, பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரிடம் பேசுங்கள். மச்சான் நல்லவராகவே இருக்கட்டும், மனை அவருடையது இல்லையே.

நான் இதில் சூடுபட்டவள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு காலிமனையை, சொந்தக்காரரின் மாமியார் தலையாட்டினார் என்று எடுத்துக்கொண்டேன். அதோடு நின்றேனா? பதியன் போட வசதியாக இருக்குமே என்று மல்லிகைத் தாய்ச்செடி நாற்பதைத் தரையிலேயே நட்டேன். மூன்றாம் வருஷம் தை பிறந்ததும் மருமகன் பூமி பூஜைக்குத் தேதி குறித்துக்கொண்டு வந்து நின்றார். பத்து நாள் அவகாசம். தோண்டி எடுத்ததில் பிழைத்தது ஆறு செடி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

வெளியூரில் இருப்பவருக்கு ஒரே பயம்தான்: 12 வருஷம் இருந்துவிட்டு இடம் என்னுடையது என்பானோ! அனுமதி வாங்கி இருப்பவருக்கு அந்தக் கணக்கு ஓடாது. அதை நீங்களே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அவர் அனுமதியில் கன்று வைத்திருக்கிறேன், உரிமை கோர மாட்டேன், சொன்ன 30 நாளில் காலி செய்வேன் என்று 11 மாதத்துக்கு எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வாடகை வேண்டாம் என்றாலும் காலிமனை வரியை நான் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ரசீது அவர் பேரிலேயே இருக்கட்டும்.

அப்புறம், எதையும் தரையில் நடாதீர்கள். எல்லாம் கவரில்தான். அடியில் பழைய பேனரை விரித்து, தண்ணீர் வடிய அங்கங்கே ஓட்டை போடுங்கள். அப்படியும் மாதம் ஒருமுறை கவரைத் தூக்கி இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும். வரிசை 4 அடி அகலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் நடுவில் இருக்கும் கன்றுக்குக் கை எட்டாது, களையும் அங்கேதான் வளரும்.

உங்கள் மனை பள்ளமா மேடா என்று எழுதவில்லை. நம்மூரில் ஐப்பசி, கார்த்திகையைப் பார்க்காமல் மனையை நம்பக் கூடாது. 2015 வெள்ளம் அந்தத் தெருவில் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள், சுவரில் கை வைத்தே காட்டுவார். நிழல்வலையைக் கம்பி போட்டு முறுக்காதீர்கள், கயிற்றில் கட்டுங்கள், புயல் என்றால் சட்டென்று அவிழ்த்துவிடலாம். 2011 டிசம்பர் 30, தானே புயலன்று நான் வலையைக் கழற்றாமல் விட்டேன். சவுக்குக் கம்போடு பிடுங்கிக்கொண்டு போய் அடுத்த தெரு முருங்கையில் தொங்கியது.

தண்ணீரும் முக்கியம். அங்கே போர்வெல் இருந்தால், வாயில் விட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு ஏறியிருந்தால் ரோஜா இலை ஓரம் கருகும். அரளியும் காகிதப்பூவும் ஓரளவு தாங்கும், அந்தப் பக்கம் அதை அடுக்குங்கள். ரோஜாவுக்கு உங்கள் வீட்டுக் குழாயிலிருந்தே ஓஸ் இழுத்துக்கொள்ளலாம்.

மச்சானை மட்டும் பகைத்துக்கொள்ளாதீர்கள். பொங்கலுக்கு இரண்டு செம்பருத்திக் கன்று அவர் வீட்டுக்குப் போகட்டும். பெங்களூர்க்காரர் மனையை விற்கப் பேசுகிறார் என்றால் அந்தச் செய்தி முதலில் அவர் காதுக்குத்தான் வரும்.