அதிதி அசோக் ஒலிம்பிக் பதக்கமே வாங்கவில்லை, பிறகு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்? மகளை கோல்ஃபில் சேர்க்கலாமா?

"பணக்காரர்கள் பொழுதுபோக்குக்கு ஆடுவது, வியர்வைகூட வராது, அதில் நாலாவது வந்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிறபோக்கில் "என் மகளுக்கு எட்டு வயது, ஆசைப்படுகிறாள்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் நிஜமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. வீட்டில் யாரோ வேண்டாம் என்கிறார்கள், நீங்கள் இரண்டுங்கெட்டான் மனநிலையில் இருக்கிறீர்கள். சரிதானே?

முதலில் அந்த நாலாவது இடத்துக்கு வருகிறேன், அதைப் படித்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது.

டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் கோல்ஃபில் 2021 ஆகஸ்டில் ஆடியவர்கள் 60 பேர். அதிதி அப்போது உலகத் தரவரிசையில் 200வது இடம். அந்தக் கோடையில்தான் கோவிட் வந்து படுத்து எழுந்திருந்தார். ஏற்கெனவே நீளமாக அடிப்பவர் கிடையாது, கோவிட்டுக்குப் பிறகு தூரம் இன்னும் குறைந்துபோனது. கடைசி நாள் அவரோடு சேர்ந்து ஆடியது யார் தெரியுமா? உலக நம்பர் ஒன் நெல்லி கோர்டா, இன்னொரு பக்கம் ரியோவில் வெள்ளி வாங்கிய லிடியா கோ. கோர்டாவின் முதல் அடி இவர் பந்தைத் தாண்டிப் போய் விழும். அங்கிருந்து அவர் கிட்டத் தூரத்துக்கான சின்ன அயர்ன் மட்டையை எடுத்து நிதானமாக கிரீனில், அதாவது குழி இருக்கிற வழவழப்பான புல்தரையில், போடுவார். அதிதி பின்னால் நின்று தூரம் போகிற ஹைப்ரிட் மட்டையை எடுத்து எட்டிப் பிடிக்க வேண்டும். பிடித்தார். கிரீனுக்குள் வந்துவிட்டால் அந்தப் பெண்ணின் பட்டருக்கு (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) முன்னால் யாரும் நிற்க முடியவில்லை. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், அவ்வளவுதான். எங்கெங்கிருந்தோ உருட்டி உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார்.

நாலு நாளும் பந்தை அடித்த கணக்கு 67, 66, 68, 68. பாருக்கு, அதாவது மைதானத்துக்கென்று வகுத்த அடிக்கணக்குக்கு, 15 அடி குறைவு; கோல்ஃபில் குறைவாக அடித்தவர்தான் முன்னால். கோர்டா 17 குறைவு, தங்கம். லிடியா கோவும் ஜப்பானின் மோனே இனாமியும் 16. நாலு நாள், 72 குழி ஆடி, ஒரே ஒரு அடி குறைத்திருந்தால் வெள்ளிக்கான பிளேஆஃபில், சமநிலையை உடைக்கிற கூடுதல் ஆட்டத்தில், நின்றிருப்பார். கடைசிக் குழியில் பேர்டிக்கு (அந்தக் குழியின் பாரைவிட ஒரு அடி குறைவு) அடித்த அந்த நீளமான பட், அதாவது பட்டரால் உருட்டிய அடி, கொஞ்சத்தில் தவறியது. நான் டிவி முன்னால் எழுந்தே நின்றுவிட்டேன்.

அன்று சாயந்தரமே நீரஜ் சோப்ரா தங்கம் வாங்கிவிட்டார். சந்தோஷம்தான், யார் இல்லை என்றார்கள். ஆனால் காலையில் "போகி என்றால் என்ன" (பாரைவிட ஒரு அடி அதிகம்) என்று கூகுளில் தேடியவர்கள் ராத்திரிக்குள் அதிதியை மறந்தாயிற்று. நீங்கள் சொல்கிற "இவ்வளவு கொண்டாட்டம்" எங்கே நடந்தது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அதுவும் ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் வந்தவர் இல்லை. பெங்களூரில் பிறந்தவர். அப்பா அம்மா இருவருமே கோல்ஃப் ஆடியவர்கள் கிடையாது. சாப்பிடப் போகிற ஓட்டலிலிருந்து பார்த்தால் கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் மைதானம் தெரியும், அங்கே என்ன செய்கிறார்கள் என்று குழந்தை கேட்டதில் ஆரம்பித்தது. அப்போது ஐந்தரை வயது. 2016ல் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ரியோ ஒலிம்பிக், 18 வயது. முதல் இரண்டு நாள் 68, 68 அடித்துவிட்டு அப்புறம் 79, 76 என்று சரிந்து 41வது இடத்துக்குப் போனார். அதே நவம்பரில் குர்கானில் இந்தியன் ஓபன் ஜெயித்தார். ஐரோப்பாவின் பெண்கள் தொழில்முறைத் தொடரான லேடீஸ் ஐரோப்பிய டூரில் பட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அடுத்து கத்தார், மறு வருஷம் அபுதாபி, 2023ல் கென்யாவும் ஸ்பெயினும். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஏழு அடி முன்னிலையோடு கடைசி நாளுக்குப் போய், 77 அடித்து வெள்ளியோடு திரும்பினார். அதை "கோட்டை விட்டார்" என்று எழுதினார்கள். ஆசிய விளையாட்டு கோல்ஃபில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர் என்பது இரண்டாவது பத்தியில் இருந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், எங்கள் வீட்டிலும் ஒருத்தி ஆடுகிறாள். என் அக்கா மகள். அக்காவுக்கும் அத்தானுக்கும் சனிக்கிழமையும் ஆபீஸ் என்பதால், பெங்களூரில் இருக்கிற சித்தி நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு அலைகிறேன். ஒரு சின்ன ஜூனியர் போட்டி, ஒன்பது குழி. சொந்தக்காரர்களே கேடியாக, அதாவது மட்டைப் பையைத் தூக்கிக் கூடவே போகிறவராக, இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். தூக்கினேன். டோக்கியோவில் அதிதிக்கு கேடியாகப் போனது அவர் அம்மா மகேஸ்வரி, ரியோவில் அப்பா அசோக், நமக்கென்ன என்ற தைரியம்.

பை கனம் என்பது இருக்கட்டும். ஒவ்வொரு அடிக்கும் மட்டையின் முகத்தை ஈரத் துண்டால் துடைக்க வேண்டும், அந்த வரிப்பள்ளத்தில் மண் நின்றால் பந்து சுழலாது. மணல் குழியில் பந்து விழுந்தால் அவள் அடித்து முடித்ததும் நான் ரேக்கை எடுத்து மணலைச் சமப்படுத்த வேண்டும். அவள் பட் அடிக்கும்போது என் நிழல் பந்து உருளப்போகிற கோட்டில் விழக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் வாயைத் திறக்கக்கூடாது. நாலாவது குழியில் மூன்று பட் போட்டுவிட்டுக் கண் கலங்கி நின்றாள். "தண்ணி குடி" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. "சித்தி, பேசாதீங்க" என்றாள்.

முடிந்து வெளியே வந்தால் ஒரு பெரிய மனிதர், கூட ஆடிய பையனின் அப்பா, என்னிடம் வந்து ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு வாங்குகிறாய், அடுத்த வாரம் என் மகனுக்கும் வா என்றார். நானும் சளைக்காமல் ஒரு ரேட் சொன்னேன். அதிகம் என்று பேரம் பேசினார்! காருக்குள் போய் அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் போட்டியில் தோற்றதே மறந்துவிட்டது.

கேடி வேலையை இளக்காரமாகச் சொல்கிறேன் என்று யாரும் கமெண்டில் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். அந்த மைதானத்தில் வயதான கேடி ஒருவர் இருக்கிறார். குனிந்துகூடப் பார்க்க மாட்டார், கிரீனில் நாலு எட்டு நடந்தே சரிவு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். "ஏரிப் பக்கம் இழுக்கும்மா" என்றால் இழுக்கும். எனக்குக் கடுப்பு, பேரம் பேசினதில்தான்.

பணம் விஷயத்தில் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். செலவுதான். மட்டை, மைதானக் கட்டணம், பயிற்சியாளர் எல்லாமே காசு. புரொஃபஷனலாக ஆன பிறகும் சம்பளம் என்று ஒன்று கிடையாது. விமான டிக்கெட், ஓட்டல், கேடி எல்லாம் ஆடுகிறவர் கைக்காசு. பெரும்பாலான போட்டிகளில் இரண்டு நாள் முடிந்ததும் கட் வைப்பார்கள், பின்தங்கியவர்களை வெளியே அனுப்புகிற கோடு. அதைத் தாண்டாவிட்டால் பைசா கிடையாது, பையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். பணக்கார விளையாட்டு என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஆனால் காசில்லாமல் செய்யக்கூடிய பயிற்சியையாவது செய்ய விடுகிறார்களா? எங்கள் அபார்ட்மென்டில் அழகான புல்தரை இருக்கிறது. ஒரு ஓரமாக இவள் பட்டரை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள், சத்தமே வராது. மறுநாள் "விளையாடக் கூடாது" என்று நோட்டீஸ். அதே புல்லில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் நடக்கும், ஹீல்ஸ் போட்டு மிதிப்பார்கள், புகைக்குண்டு போடுவார்கள். அதற்கு ரசீது கிழித்துப் பணம் வாங்குகிறது சங்கம். கேட்டால் பராமரிப்பு நிதியாம். பராமரிப்புக்கு மாதாமாதம் நாங்கள் கட்டுவது என்ன, மொய்ப்பணமா? லிஃப்ட் போன தீபாவளியிலிருந்து இரண்டாவது மாடியில் நிற்பதில்லை. சரி, விடுங்கள், அது தனிக்கதை.

சேர்க்கலாமா என்றால், முதலில் எதிலும் சேர்க்காதீர்கள். பக்கத்தில் டிரைவிங் ரேஞ்ச் (பந்து அடித்துப் பழகும் இடம்) இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கூடை பந்துக்குக் காசு கட்டினால் போதும், ஏழாம் நம்பர் அயர்ன் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆனால் சின்னப் பிள்ளைகள் அளவில் கேளுங்கள், பெரியவர்கள் மட்டையை வெட்டிக் கொடுப்பார்கள், அது கனத்துத் தொலையும். ஐம்பது பந்து அடித்த பிறகும் இன்னொரு கூடை கேட்கிறாளா என்று பாருங்கள். முழு செட் இப்போது வாங்க வேண்டாம், பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். கையுறை மட்டும் சொந்தமாக ஒன்று. வலது கைக்காரி என்றால் இடது கைக்குத்தான் போட வேண்டும், கடையில் ஜோடியாக வாங்கிவிடாதீர்கள்.