அடிக்காமல் பிள்ளை வளர்க்கிறது

தங்கச்சி, கிளிநொச்சியிலயிருந்து நோர்வேக்கு வந்து எட்டு மாதம், ஏழு வயது மகன் சொல்வழி கேக்கிறானில்லை, கை ஓங்கினால் "ரீச்சரிட்டச் சொல்லுவன்" எண்டு வெருட்டுறான், அடிக்காமல் எப்பிடி வளர்க்கிறது எண்டு கேட்டிருந்தியள். நான் முள்ளியவளையிலயிருந்து 1998 இல வந்தனான். மூண்டு பிள்ளையள்.

முதல்ல சட்டம். இஞ்ச பிள்ளைக்கு அடிக்கிறது 1987 இலயிருந்து வெளிப்படையாவே தடை. "திருத்தத்தான் அடிச்சனான்" எண்ட நியாயம் எடுபடாது; பயமுறுத்திறதும் அதுக்குள்ள வரும். பிள்ளைக்கு வீட்டில வன்முறை நடக்குதெண்டு நினைக்கக் காரணம் இருந்தால், ரீச்சர் பிள்ளையள் நல அலுவலகத்துக்கு (இஞ்ச "பார்னவார்ன்" எண்டுவினம்) அறிவிச்சே ஆகவேணும். ஆனா ஆக்கள் சொல்லுறமாதிரி அடுத்தநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போறதில்லை. வீட்டுக்குள்ளயே உதவி தரவும் அவைக்கு வழி இருக்கு. பிரிக்கிற முடிவை, அவசர நிலையைத் தவிர, அந்த அலுவலகம் தனிய எடுக்கேலாது. அதுக்கு வேற ஒரு சபை இருக்கு.

நான் சட்டத்துக்குப் பயந்து நிப்பாட்டேல்லை. மூத்தவளுக்கு அப்ப ஆறு வயது. குசினியில அவளோட கதைச்சுக்கொண்டே மேல்தட்டில இருந்த உப்புப் போத்தலை எடுக்கக் கையைத் தூக்கினன். பிள்ளை ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திக்கொண்டு குந்தீட்டுது. நான் அவளுக்கு அடிச்சது எல்லாமாப் பத்துத் தரம்கூட இராது. "முருங்கையை முறிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர்" எண்டுதான் எங்கட அம்மா சொல்லுவா. கிளுவை வேலியில முறிச்ச தடியொண்டு தாவாரத்தில எப்பவும் செருகிக் கிடக்கும். அம்மாவில எனக்கு இண்டைக்கும் உயிர். ஆனா பள்ளிக்கூடத்தில எனக்கு நடந்த ஒரு கெட்ட விசயத்தை, அந்தத் தடிக்குப் பயந்து, அவவின்ர கடைசிக் காலம்வரை நான் சொல்லேல்லை. மகள் குந்தினதைப் பார்க்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஆனபடியால் மகன் "சொல்லுவன்" எண்டால் கோவிக்காதேங்கோ. "ஓம், ஆர் அடிச்சாலும், அம்மா அடிச்சாலும், சொல்லத்தான் வேணும். நான் இனி அடிக்கமாட்டன். ஆனா பல்லுத் தீட்டாமல் படுக்கேலாது" எண்டு சொல்லிப் பாருங்கோ. அந்த வெருட்டு அதோட பிசுபிசுத்துப் போகும்.

தடியை விட்ட கையோட "பொலிஸ் பிடிக்கும்", "ஊருக்கு அனுப்பிப்போடுவன்" எண்டு தொடங்கிறதுதான் நாங்கள் கனபேர் விடுற பிழை. ஒண்டில் பிள்ளை அதை நம்பாது, இல்லாட்டி நம்பி இரவிரவா நித்திரை கொள்ளாது. செய்யக்கூடியதை மட்டும் சொல்லுங்கோ. அவன்ர கையிலயிருந்து ரப்லெற்றை வாங்கவேணுமெண்டால் 10 நிமிசத்துக்கு முதல் கிட்டப்போய், தோளில கைவைச்சுச் சொல்லுங்கோ. குசினியில நிண்டு கத்தாதேங்கோ. நேரம் வந்தால் வாங்கி வையுங்கோ. அழுவான், உருளுவான். பக்கத்தில இருங்கோ, ஆனா திருப்பிக் குடுக்காதேங்கோ. முதல் ரெண்டு மூண்டு கிழமை இன்னும் கூடக் கத்துவான். அந்த நேரத்தில அப்பம்மா வட்ஸ்அப்பில "ரெண்டு போடு" எண்டுவா. உங்கட அவரைக் கொண்டு அவவுக்கு விளங்கப்படுத்துங்கோ.

இன்னொண்டு. இரணைமடு வாய்க்காலில குதிச்சு, வளவெல்லாம் ஓடித்திரிஞ்ச பொடியன் இப்ப நாலாம் மாடியில நிக்கிறான். மார்கழியில மூண்டரைக்கே இருட்டீடும். அந்த ஓட்டமெல்லாம் எங்க போறது? குளிர் உடுப்பைப் போட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலமாவது வெளியில விடுங்கோ. இஞ்சத்தைச் சனம் மழை, சினோ எண்டு பிள்ளையளை வீட்டுக்குள்ள பூட்டிறேல்லை. எங்கட வீட்டில பாதிக் குழப்படி அதோட நிண்டது.

அவன் கதவை அடிச்சுச் சாத்தினால் 2009 ஐப்போல நெஞ்சு பதறுது எண்டும் எழுதியிருந்தியள். வாசிச்சு அழுதிட்டன். முள்ளிவாய்க்கால்வரை நடந்த உடம்பு, தங்கச்சி. அது உங்கட குற்றமில்லை. ஆனா அந்தப் பதற்றத்திலதான் கை முந்தும். அப்ப ஒண்டும் கதையாமல் குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ. குடும்ப வைத்தியரிட்ட இதை மறைக்காமல் சொல்லுங்கோ.

மகன்ர பள்ளிக்கூடத்துச் சுகாதாரத் தாதியோடயும் கதைக்கலாம், காசில்லை. நேரம் கேக்கேக்கயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு சொல்லிப்போடுங்கோ. அவனுக்குப் பாசை வந்திட்டுதெண்டு அவனை மொழிபெயர்க்க விடாதேங்கோ. அம்மாவின்ர நோவைப் பிள்ளை தன்ர வாயால சொல்லக்கூடாது.